ஜூன் மழையில் ஹோர்ட்டன் சமவெளி: எந்த மழை ஜக்கெட், எந்தக் களிசான்?

வெள்ளவத்தை_மழை எழுதியது:

எல்லாருக்கும் வணக்கம். ஜூன் கடைசியில் நாங்கள் நாலு பேர் கொழும்பிலிருந்து ரயிலில் பட்டிப்பொல வரைக்கும் போய், ஹோர்ட்டன் சமவெளியில் ஒரு நாள் உலக முடிவுச் சுற்றும் மற்ற நாள் கிரிகல்பொத்த மலையும் நடக்கிறதாகத் திட்டம். தென்மேல் பருவமழைக் காலம் என்று தெரியும். லீவு அப்போதுதான், திகதியை மாற்ற வழியில்லை. ஜனவரியில் நக்கிள்ஸ் பக்கமும் போக யோசனை இருப்பதால், வாங்குகிற உடுப்பு இரண்டுக்கும் உதவ வேணும்.

இப்போது கையில் இருப்பது மோட்டார் சைக்கிளுக்குப் போடுகிற பிவிசி மழைக்கோட் மூன்று. நாலாவது ஆளிடம் வெளிநாட்டிலிருந்து வந்த நல்ல ஜக்கெட் ஒன்று இருக்கிறது, ஆனால் ஏழெட்டு வருடமாக அலுமாரியில் மடித்துக் கிடந்தது.

கேட்க வேண்டியவை: 5,000, 10,000, 20,000 என்று போடுகிற இலக்கத்தில் எது எங்களுக்குப் போதும்? 'பிரீதபிள்', அதாவது வேர்வை ஆவியை வெளியே விடும் என்று எழுதியிருந்தால் உள்ளே வேர்க்காதா? கொழும்பில் ஏற்றுமதி மிச்சம் விற்கிற அவுட்லெட் கடைகளில் எடுக்கும்போது உண்மையான வாட்டர்புரூஃபை எப்படிக் கண்டுபிடிக்கிறது? மழைக் களிசான் தேவையா, ஜீன்ஸோடு சமாளிக்கலாமா? சப்பாத்தைப் பற்றியும் சொல்லுங்கள்.

—

மலைச்சாரல் எழுதியது:

ஜக்கெட்டுக்கு முதல் உயரத்தைக் கணக்கெடுங்கள். 1,000 மீற்றர் ஏறினால் ஏறக்குறைய 6.5 பாகை குறையும். கொழும்பில் 27 பாகை என்றால் 2,100 மீற்றரில் உள்ள சமவெளியில் 13 பாகை. விடியப்புறம் அதைவிடக் குறையும். கிரிகல்பொத்த 2,390 மீற்றரை ஒட்டி வரும், மேலே மறைப்பும் குறைவு. 10 பாகையில் நனைந்த உடம்பில் காற்றுப் பட்டால் ஆளுக்கு ஆபத்தான அளவு உடம்புச் சூடு இறங்கும், அதற்குப் பனி கொட்டத் தேவையில்லை. நடுங்குவது, வாய் குழறுவது, சிப்பைப் பூட்டக் கை வராமல் தடுமாறுவது: யாருக்காவது இது தொடங்கினால் நடையை நிறுத்தி, ஈர உடுப்பைக் கழற்றிக் காய்ந்ததைப் போட வேணும். அதனால் ஒரு சோடி காய்ந்த மேற்சட்டையும் சொக்ஸும் நனையாத பைக்குள் இருப்பது ஜக்கெட்டைவிட முக்கியம்.

இனி இலக்கம். 10,000 என்பது துணிக்கு மேல் 10,000 மில்லிமீற்றர், அதாவது 10 மீற்றர் உயரத்துக்குத் தண்ணீர்த் தூண் நின்றால்தான் கசியத் தொடங்கும் என்ற அளவு. அழுத்தமாகச் சொன்னால் சதுர சென்ரிமீற்றருக்கு 1 கிலோ. மழைத்துளி தானாக அந்த அழுத்தத்தைக் கொடுக்காது. தோளில் பாரமான பையின் பட்டி அழுத்துகிற இடம், ஈர நிலத்தில் முழங்கால் ஊன்றுகிற இடம், ஈரக் கல்லில் குந்துகிற இடம், இந்த மூன்றிலும்தான் இலக்கம் வேலை செய்கிறது. நாள் நடைக்கு 7, 8 கிலோ பை என்றால் 10,000 தாராளம். 20,000 கெட்டதில்லை, ஆனால் அந்தக் காசை வேறு இடத்தில் போடலாம், கீழே சொல்கிறேன். 5,000 புதிதாக இருக்கும்போது தாங்கும், ஒரு வருடப் பாவிப்பில் தோள்பக்கம் முதலில் விட்டுக் கொடுக்கும்.

'பிரீதபிள்' பற்றி ஆக்கள் பிழையாக விளங்குவது நிறைய. துணியோடு ஒட்டியிருக்கிற, தண்ணீரை மறிக்கிற மெல்லிய சவ்வு உள்ளேயிருந்து வெளியே நீராவியைத் தள்ளுவதில்லை. உள்ளே ஆவி அழுத்தம் கூட, வெளியே குறைய இருந்தால் அது தானாக வெளியேறும், அவ்வளவுதான். தோலை ஒட்டிய காற்று 33 பாகையில் நிறைந்த ஈரத்தோடு இருந்தால் அழுத்தம் சுமார் 50 மில்லிபார். கொழும்பில் 28 பாகை, 80 வீத ஈரப்பதன் என்றால் வெளியே 30. வித்தியாசம் 20 மட்டுமே. சமவெளியில் 10 பாகையில் மழையே பெய்தாலும் வெளியே 12 தான், வித்தியாசம் 38. அதனால் ஜக்கெட்டைக் காலிமுகத்திடலில் போட்டுப் பார்த்து 'இது வேர்க்குது, சரியில்லை' என்று முடிவெடுக்காதீர்கள். மேலே போனால் அதே ஜக்கெட் ஏறக்குறைய இரண்டு மடங்கு வேலை செய்யும்.

ஆனாலும் அதற்கு எல்லை இருக்கிறது. லேபலில் 10,000 கிராம் என்று போடுவது 24 மணிக்கு ஒரு சதுர மீற்றரால் போகிற ஈரம். மணிக்கு 416 கிராம். அதுவும் ஆய்வுகூடத்தில், சாதகமான நிலையில். பையைத் தூக்கிக்கொண்டு மேடு ஏறுகிற ஆள் மணிக்கு அரை லீற்றரிலிருந்து 1 லீற்றர் வரைக்கும் வேர்ப்பார், முதுகுப்பக்கத்தைப் பை மூடியிருக்கும். எந்தச் சவ்வாலும் அதைச் சமாளிக்க முடியாது. இன்னொன்று, இந்தக் கிராம் இலக்கத்தை அளக்கப் பல முறைகள் உண்டு. ஒரே துணியை ஒரு முறையில் அளந்தால் 8,000, இன்னொரு முறையில் 20,000 வரலாம். முறை எழுதாத இலக்கங்களை ஒப்பிட்டு வாங்குவதில் பயனில்லை. 'ரெட்' என்ற இலக்கம் கொடுத்திருந்தால் அதைப் பாருங்கள், அது ஆவி வெளியேறத் துணி காட்டுகிற தடையின் அளவு, குறையக் குறைய நல்லது: 6க்குக் கீழே மிக நல்லது, 13 வரை நல்லது, 20ஐத் தாண்டினால் ஆவி போவது மிகக் குறைவு.

அதனால் காசைப் போட வேண்டிய இடம் கக்கத்துச் சிப். கைக்குக் கீழே குறைந்தது 25 சென்ரிமீற்றர் நீளத்துக்குத் திறக்கிற சிப் உள்ள 10,000 ஜக்கெட், சிப் இல்லாத 20,000 ஜக்கெட்டைவிட உங்களைக் காய்ந்தபடி வைத்திருக்கும். வேர்க்க முதலே அதைத் திறக்க வேணும். வேர்த்த பிறகு திறந்தால் குளிர்தான் உள்ளே வரும். நடக்கத் தொடங்கும்போது கொஞ்சம் கூதலாக இருக்கிற அளவுக்கு உடுத்துங்கள், 10 நிமிடத்தில் உடம்பு சூடாகிவிடும். ஃபிளீஸ் என்கிற மென்மயிர்ச் சூட்டுச் சட்டையையும் போட்டு மேலே மழை ஜக்கெட்டையும் போட்டு ஏறத் தொடங்கினால் முதல் கிலோமீற்றரிலேயே உள்ளே நனைந்துவிடுவீர்கள், பிறகு ஜக்கெட் ஒழுகுகிறது என்று நினைப்பீர்கள்.

மோட்டார் சைக்கிள் பிவிசி கோட்டைப் பற்றி ஒரு வார்த்தை. தண்ணீரை அது முழுசாக மறிக்கும், அதில் குறையே இல்லை. ஆனால் ஆவியையும் முழுசாக மறிக்கும், குளிரில் விறைத்து மடிப்பில் வெடிக்கும், பாரமும் கூட. குந்தியிருந்து ஓட்டுவதற்குச் செய்தது, ஏறி நடப்பதற்கு இல்லை. புது ஜக்கெட்டுக்குக் காசு இல்லாத ஆள் ஒருவர் இருந்தால் அதைக் கொண்டுபோகலாம், முன்பக்கத்தை அரைவாசி திறந்து, மெதுவாக நடந்து, நிற்கும்போது பூட்டிக்கொள்ள வேணும்.

—

தையல்காரி எழுதியது:

அவுட்லெட் கேள்விக்கு நான் பதில் சொல்கிறேன். இந்த நாட்டில் தைத்து ஏற்றுமதியாகிற உடுப்பில் மிச்சமும் நிராகரித்ததும்தான் அங்கே வரும். மிச்சம் என்றால் நல்லது. நிராகரித்தது என்றால் எதற்காக நிராகரித்தார்கள் என்று நீங்களே கண்டுபிடிக்க வேணும். நிறம் ஒத்துவராமல் வந்ததென்றால் அதிர்ஷ்டம். டேப் சரியாக ஒட்டாமல் வந்ததென்றால் மழையில் தெரியும்.

ஜக்கெட்டை உட்பக்கம் வெளியே திருப்புங்கள். ஒவ்வொரு தையலுக்கும் மேல் 2 சென்ரிமீற்றர் அளவு அகலத்தில் சீம் டேப் ஓட வேணும். ஊசி போன ஒவ்வொரு ஓட்டையும் தண்ணீர் வருகிற வழி, டேப் இல்லாவிட்டால் துணி 20,000 ஆக இருந்தும் பயனில்லை. தோளிலும் ஹூட்டிலும் மட்டும் டேப் போட்டுப் பக்கத் தையலை விட்டிருந்தால் அது சாரலுக்கான உடுப்பு. கைக்குழி, பக்கத் தையல், ஹூட் கழுத்தோடு சேர்கிற இடம், பை வாய், மூன்று தையல் சந்திக்கிற மூலை, இவற்றை விரலால் தடவிப் பாருங்கள். மூலையில் டேப் மேல் டேப் ஏறுகிற இடத்தில்தான் குமிழ் விழும். நகத்தால் ஓரத்தைச் சுரண்டினால் எழும்பினால் வேண்டாம். உள்ளே வலைத் துணி லைனிங் இருந்தால் டேப் தெரியாது. கையை அடிப்பக்கத்தால் விட்டுத் தடவுங்கள், தையல் மேல் வழுவழுப்பான பட்டி படும்.

அடுத்தது ஊதிப் பார்ப்பது. துணியை வாயில் இறுக்கி வைத்துப் பலமாக ஊதுங்கள். மறுபக்கம் காற்று வந்தால் அது சவ்வோ பூச்சோ இல்லாத சாதாரண நைலோன். மேலே தண்ணீர் உருளும், அரை மணி மழையில் உள்ளே வரும். 'வாட்டர் ரெசிஸ்டன்ட்', 'ஷவர்புரூஃப்' என்று போடுவதெல்லாம் பெரும்பாலும் இந்த வகை. காற்றுக்கு நல்லது, ஜூன் மழைக்கு இல்லை. சாஃப்ட்ஷெல் என்று தடிப்பாக, உள்ளே மென்மயிரோடு இருக்கிறதும் இதில்தான் சேரும். பார்த்தால் மலை ஜக்கெட் மாதிரியே இருக்கும், தையலில் டேப் இருக்காது, ஏமாற வேண்டாம்.

வீட்டுக்குக் கொண்டுவந்த பிறகு ஒரு சோதனை. ஜக்கெட் கையின் கஃப் பக்கத்தை, அதாவது மணிக்கட்டு முனையை, ரப்பர் பட்டியால் இறுக்கிக் கட்டி, அந்தக் கையைத் தொங்கவிட்டு, அதற்குள் அரை லீற்றர் தண்ணீர் ஊற்றி 10 நிமிடம் விடுங்கள். இருபது முப்பது சென்ரிமீற்றர் உயரத் தண்ணீர் என்றால் வெறும் 200, 300 மில்லிமீற்றர் அழுத்தம்தான். அதற்கே கசிந்தால் துணி முடிந்தது. கசியாவிட்டால் தண்ணீர் உள்ள இடத்தை வெளியிலிருந்து கையால் நன்றாகப் பிசையுங்கள், தையல் வழியாகத் துளி எட்டிப் பார்த்தால் டேப் பிழை. மாற்றித் தருகிற கடை என்றால் லேபலை வெட்ட முதல் இதைச் செய்யுங்கள்.

எத்தனை அடுக்கு என்பதும் முக்கியம். மூன்று அடுக்கு என்றால் வெளித்துணி, சவ்வு, உள்ளே மெல்லிய பின்னல் துணி மூன்றும் ஒன்றாக ஒட்டியது. இரண்டரை என்றால் உள்ளே துணிக்குப் பதிலாகச் சவ்வின் மேல் புள்ளி புள்ளியாக அச்சடித்திருக்கும். இரண்டு என்றால் தனியாக லைனிங் தொங்கும். எங்களுடைய காலநிலைக்கு என் எண்ணம் மூன்று அடுக்குத்தான். இரண்டரை அடுக்கு வேர்வையில் கையோடு ஒட்டிக்கொள்ளும், அச்சடித்த உட்பக்கம் உரசித் தேயும், கொழும்பு ஈரப்பதனில் சீக்கிரம் பழுதாகும்.

பொருத்தம்: ஃபிளீஸுக்கு மேல் போட்டுப் பார்த்து இரண்டு கையையும் தூக்குங்கள். ஹெம், அதாவது கீழ் விளிம்பு, இடுப்புக்கு மேல் ஏறக்கூடாது, கஃப் மணிக்கட்டை விட்டு இறங்கக்கூடாது. ஹூட்டை இழுத்து இறுக்கித் தலையை இடம் வலமாகத் திருப்பினால் ஹூட்டும் கூடத் திரும்ப வேணும், உங்கள் ஒரு கண் ஹூட்டுக்குள் போகக்கூடாது. முன் விளிம்பில் வளைக்கக்கூடிய கம்பியோ விறைப்பான பட்டியோ இல்லாத ஹூட் காற்றில் முகத்தில் அடிக்கும். கைவைக்கும் பைகள் இடுப்புப் பட்டிக்குக் கீழே வருகிற மாதிரித் தைத்திருந்தால் பையைப் போட்டதும் அவை பாவிக்க முடியாமல் போகும்.

—

மலைச்சாரல் எழுதியது:

தையல்காரி அக்கா சொன்ன சோதனைகள் அத்தனையும் சரி. மூன்று அடுக்கு விடயத்தில் மட்டும் எனக்கு வேறு கருத்து. கேட்டவர் வருடத்தில் நாலைந்து நாள் மழையில் நடக்கப் போகிறார். மூன்று அடுக்கு 400 முதல் 500 கிராம், இரண்டரை 250 முதல் 350. விலை வித்தியாசத்தைச் சொல்லத் தேவையில்லை. அந்த மிச்சக் காசில் நாலு பேருக்கும் மழைக் களிசான் வரும். நீளக் கைச் சட்டை உள்ளே போட்டால் ஒட்டுகிற பிரச்சினை பாதியாகக் குறையும்.

—

தையல்காரி எழுதியது:

நடை நாலைந்து நாள்தான், ஒத்துக்கொள்கிறேன். மற்ற 360 நாளும் ஜக்கெட் இருக்கப் போவது கொழும்பு அலுமாரியில், அங்கேதான் அது பழுதாகிறது. ஈரச் சூட்டில் பொலியூரித்தேன் பூச்சு தண்ணீரோடு வேதியியலாகப் பிரிந்து பிசுபிசுக்கும், பிறகு வெள்ளைச் சாம்பல் மாதிரி உதிரும். பாவிக்காமல் வைத்தால் மிஞ்சும் என்பது பிழை. பூச்சு வெளியே தெரிகிற மலிவு ஜக்கெட்டில் இதன் வேகம் கூட. இரண்டரை வாங்குகிறவர் சேமிப்பை ஒழுங்காகச் செய்வார் என்றால் வாங்கட்டும், அதில் எனக்குத் தடையில்லை.

இதைச் சொல்லும்போது அந்த ஏழெட்டு வருட ஜக்கெட்: முதலில் மோந்து பாருங்கள். புளித்த வாந்தி மாதிரி மணம் அடித்தால், உட்பக்கம் விரலில் ஒட்டினால், அல்லது மடிப்புக் கோட்டில் செதிள் எழும்பினால் அது போய்விட்டது. தோய்த்தாலோ ஸ்பிரே அடித்தாலோ திரும்பாது. துணி நன்றாக இருந்து டேப் மட்டும் உரிந்திருந்தால் காப்பாற்றலாம். பழைய பசையைச் சேர்ஜிக்கல் ஸ்பிரிட்டால் துடைத்து, நன்றாகக் காயவிட்டு, தையல் மேல் பொலியூரித்தேன் சீம் சீலரை மெல்லிய தூரிகையால் பூசி ஒரு முழு நாள் விட வேணும். சிலிக்கோன் சீலர் வேண்டாம், அது சிலிக்கோன் பூசிய துணிக்கு மட்டும், மற்றதில் உரிந்து வரும்.

—

நனையாத_பை எழுதியது:

களிசான், சப்பாத்து, பை மூன்றையும் நான் எடுக்கிறேன்.

ஜீன்ஸ் வேண்டவே வேண்டாம். பருத்தி தன் எடையளவு தண்ணீரைப் பிடித்து வைத்துக்கொள்ளும், நார்களுக்கிடையில் காற்று இருந்த இடத்தில் தண்ணீர் நிற்கும், தண்ணீரோ காற்றைவிட 25 மடங்கு வேகமாகச் சூட்டைக் கடத்தும். பருத்தி டீசேட்டும் அதே கதைதான், உள்ளே போடுவது பொலியெஸ்டர் அல்லது மெரினோ கம்பளிச் சட்டை. விளையாட்டுக்குப் போடுகிற மெல்லிய பொலியெஸ்டர் ஜேர்சி போதும், அதற்கு விசேஷ பிராண்ட் தேவையில்லை. மேலே 100 எடை என்று சொல்கிற மெல்லிய ஃபிளீஸ் ஒன்று. இறகு நிரப்பிய ஜக்கெட் நனைந்தால் கட்டியாகிச் சூடே தராது, இந்தப் பயணத்துக்கு செயற்கைப் பஞ்சுதான்.

கீழே மெல்லிய நைலோன் களிசான், மழை விடாமல் பிடித்தால் அதன் மேல் மழைக் களிசான். மழைக் களிசானில் பார்க்க வேண்டியது ஒன்றுதான்: பக்கச் சிப் முழங்கால் வரைக்குமாவது திறக்க வேணும். இல்லாவிட்டால் போடுவதற்கு ஒவ்வொரு முறையும் மழைக்குள் நின்று சேற்றுச் சப்பாத்தைக் கழற்ற வேண்டி வரும், பிறகு யாரும் போடமாட்டார்கள். குந்துகிற இடமும் முழங்காலும் முதலில் தேயும். சமவெளியில் மழை இல்லாத காலையிலும் புல்லில் பனி நிற்கும். கிரிகல்பொத்தப் பாதையில் புல்லும் பற்றையும் இடுப்பளவுக்கு உரசுகிற இடங்களில் மழையே இல்லாமல் களிசான் நனையும். அதனால் அந்த நாளுக்குக் களிசான் கட்டாயம். உலக முடிவுச் சுற்று 9 கிலோமீற்றர் அளவுதான், பாதையும் அகலம், அங்கே நைலோன் களிசான் மட்டும் இருந்தாலும் சமாளிக்கலாம்.

கெய்ற்றர், அதாவது சப்பாத்து வாயையும் கீழ்க்காலையும் மூடுகிற உறை, போட்டால் மழைக் களிசானின் கால் கெய்ற்றருக்கு வெளியே விழ வேணும். உள்ளே சொருகினால் களிசானில் வழிகிற தண்ணீர் முழுக்கச் சப்பாத்துக்குள் இறங்கும். ஓட்டுக் கூரை மாதிரி, மேலே உள்ளது கீழே உள்ளதை மூட வேணும். கையுறைக்கும் இதே கணக்கு: கையைக் கீழே தொங்கவிட்டு நடந்தால் ஜக்கெட் கஃப் கையுறைக்கு வெளியே, கம்பு ஊன்றிக் கையைத் தூக்கி நடந்தால் கையுறை கஃபுக்கு வெளியே. விலை உயர்ந்த வாட்டர்புரூஃப் கையுறைக்குப் பதிலாக மெல்லிய கம்பளிக் கையுறையும் அதன் மேல் ஒரு அளவு பெரிய, பாத்திரம் கழுவுகிற ரப்பர் கையுறையும் போடலாம். நன்றாக வேலை செய்யும், புறக்கோட்டையில் எந்தக் கடையிலும் கிடைக்கும்.

கண்ணாடி போடுகிறவர் ஹூட்டுக்குள் முன்விளிம்பு உள்ள தொப்பி ஒன்று போட்டால் கண்ணாடியில் துளி விழுவது குறையும்.

சப்பாத்து இரண்டு பயணத்துக்கும் ஒன்றாக வராது. சவ்வு வைத்த வாட்டர்புரூஃப் சப்பாத்து ஈரப் புல்லுக்கும் சேற்றுக்கும் நல்லது, கால் குளிராது, சமவெளிக்குச் சரி. ஆனால் மேல்வாயால் ஒருமுறை தண்ணீர் புகுந்தால் அதே சவ்வு தண்ணீரை உள்ளேயே வைத்திருக்கும், மலையில் இரண்டு நாளிலும் காயாது. நக்கிள்ஸில் ஓடை கடக்க வேண்டி வரும், அங்கே வலைத் துணிச் சப்பாத்து போடுங்கள், நனையும், நடக்க நடக்க வடிந்துவிடும். ஓடை கடந்ததும் சொக்ஸைக் கழற்றிப் பிழிந்து போட வேணும். கம்பூட்ஸ் பற்றி யோசித்தால், தண்ணீர் வராது, ஆனால் கணுக்கால் பிடி இல்லை, வழுக்கும் பாறையில் ஆபத்து, வேர்வை உள்ளே தேங்கிக் கொப்புளம் வரும்.

நக்கிள்ஸுக்கு அட்டைச் சொக்ஸ் வேணும். நெருக்கமாக நெய்த துணியில், சொக்ஸுக்கு மேல் முழங்கால் வரைக்கும் இழுத்துக் கட்டுகிறது. சாதாரணப் பின்னல் சொக்ஸின் கண்ணுக்குள்ளால் அட்டை கடிக்கும். அட்டைக்கு என்று சித்தாலேப, வேப்பெண்ணெய், சவர்க்காரம் எது பூசினாலும் காலோடும் சப்பாத்தோடும் நிறுத்துங்கள். எண்ணெயும் சவர்க்காரமும் ஜக்கெட்டில் பட்டால் தண்ணீர் உருளுகிற தன்மை அந்த இடத்தில் போய்விடும். டீட் உள்ள நுளம்பு மருந்து சில பிளாஸ்டிக்கையும் இழுபடுகிற துணியையும் கரைக்கும், பூசிய கையால் சிப்பையும் ஹூட் நாடாவையும் பிடிக்காதீர்கள்.

பைக்கு மேல் போடுகிற உறையை நம்ப வேண்டாம். காற்று அதைக் கழற்றும், முதுகுக்கும் பைக்கும் இடையில் வழிகிற தண்ணீரை அது தடுக்காது. உள்ளே ஒரு தடித்த, வாயைச் சுருட்டிப் பூட்டுகிற, தண்ணீர் புகாத பை வையுங்கள். மெல்லிய பொலிதீன் பைகளைக் கொண்டுபோகாதீர்கள், ஹோர்ட்டன் சமவெளி வாசலில் பையைத் திறந்து பார்த்து எடுத்துவிடுவார்கள்.

பொன்சோ, அதாவது தலையால் போடுகிற கையில்லாத மழைப் போர்வை, பற்றி யாராவது கேட்க முதல்: சிங்கராஜ மாதிரிக் காற்றில்லாத காட்டுக்கு அது அருமை, பையையும் சேர்த்து மூடும், காற்றோட்டமும் உண்டு. உலக முடிவு விளிம்பில் காற்றுக் கீழேயிருந்து மேலே வரும், பொன்சோ முகத்தை மூடும், கால் எங்கே வைக்கிறோம் என்று தெரியாது. அங்கே போட வேண்டாம்.

—

வெள்ளவத்தை_மழை எழுதியது:

எல்லாருக்கும் பெரிய நன்றி. பழைய ஜக்கெட்டை மோந்து பார்த்தோம், மணம் இல்லை, ஒட்டவும் இல்லை, டேப்பும் நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் தண்ணீர் தெளித்தால் உருளாமல் துணி கறுத்து ஊறுகிறது. கைக்குள் ஊற்றிய தண்ணீர் மற்றப் பக்கம் வரவில்லை. இது பாவிக்கலாமா? வீட்டில் டிரையர் இல்லை.

இன்னொரு கேள்வி, அம்மா மார்ச்சில் சிவனொளிபாதமலைக்குப் போகிறா, 58 வயது. அவவுக்கும் ஒரு ஜக்கெட் எடுக்க வேணுமா?

—

மலைச்சாரல் எழுதியது:

ஜக்கெட் தப்பிவிட்டது. சவ்வு நல்லது, போனது வெளித்துணியின் மேல் உள்ள நீர் உருட்டும் பூச்சு. அது இல்லாமல் பாவித்தால் தண்ணீர் உள்ளே வராது, ஆனால் வெளித்துணி ஈரத்தில் ஊறி ஆவி போகிற வழியை மூடிவிடும், துணியும் குளிர்ந்து உள்ளே வேர்வை துளியாகப் படியும். ஆக்கள் 'ஒழுகுது' என்று தூக்கி எறிகிற ஜக்கெட்டில் கொஞ்சம் இப்படியானதுதான்.

முதலில் தோய்க்க வேணும். அழுக்கும் எண்ணெயும் பூச்சை மூடியிருக்கலாம், தோய்த்தாலே திரும்பி வருவதுண்டு. எல்லாச் சிப்பையும் வெல்குரோவையும் பூட்டி, 30 பாகைத் தண்ணீரில், நிக்வாக்ஸ் டெக் வாஷ் மாதிரி இதற்கென்று வருகிற திரவத்தில் தோயுங்கள். சாதாரணச் சலவைத் தூளின் மிச்சம் துணியில் தங்கித் தண்ணீரை இழுக்கும், துணி மென்மையாக்கி அதைவிடக் கெடுதல். இரண்டு முறை அலசுங்கள். நிழலில் நன்றாகக் காய்ந்த பிறகு இஸ்திரிப் பெட்டியை ஆகக் குறைந்த சூட்டில், நீராவி இல்லாமல் வைத்து, இடையில் பருத்தித் துணி விரித்து மெதுவாகத் தேயுங்கள். சூடு பட்டால்தான் பூச்சு திரும்ப நிமிரும். லேபலில் இஸ்திரிப் படத்தில் குறுக்குக் கோடு இருந்தால் தலைமயிர் காயவைக்கிற டிரையரைக் கொஞ்சம் தள்ளிப் பிடித்துச் செய்யலாம், நேரம் கூட எடுக்கும். ஆறிய பிறகு தண்ணீர் தெளித்துப் பாருங்கள். உருண்டால் முடிந்தது. உருளாவிட்டால் திரும்ப நனைத்து, ஈரமாக இருக்கும்போதே ஸ்பிரே வகைப் பூச்சை வெளிப்பக்கம் மட்டும் அடித்து, இரண்டு நிமிடத்தில் மிச்சத்தைத் துடைத்துக் காயவிடுங்கள். தோளுக்கும் கை மேற்பக்கத்துக்கும் ஹூட்டுக்கும் கூடுதலாக அடியுங்கள். தோய்க்காமல் ஸ்பிரே அடித்தால் அழுக்கின் மேல்தான் அது ஒட்டும், இரண்டு மழையில் போய்விடும்.

—

நனையாத_பை எழுதியது:

அம்மாவுக்கு: மார்ச்சில் அந்தப் பக்கம் பருவமழைக் காலம் இல்லை, இடைக்கிடை பின்னேர மழை இருக்கும். அவவுக்கு மழையைவிட வேர்வைதான் பிரச்சினை. நல்லதண்ணியால் இரவில் ஐயாயிரத்துக்கு மேல் படி ஏறி நனைந்து, 2,243 மீற்றரில் விடியும்வரை காற்றில் குந்தியிருப்பதுதான் ஆக்களை நடுங்க வைக்கிறது. ஏறும்போது மெல்லிய பொலியெஸ்டர் சட்டை மட்டும் போதும், கூதல் என்று சுவெற்றரைப் போட்டு ஏற வேண்டாம். உச்சிக்குக் கிட்ட உள்ள கடைசித் தேத்தண்ணிக் கடைகளில் நின்று, நனைந்த உள் சட்டையைக் கழற்றிக் காய்ந்ததைப் போட்டு, அதன் மேல் ஃபிளீஸ், அதன் மேல் காற்றுப் புகாத ஏதாவது ஒரு ஜக்கெட். தையல்காரி அக்கா மழைக்கு வேண்டாம் என்று சொன்ன அந்த டேப் இல்லாத அவுட்லெட் ஜக்கெட் இதற்கு நன்றாகவே போதும். காதை மூடுகிற கம்பளித் தொப்பியும் மாற்றுச் சொக்ஸும் வையுங்கள். சேலையோடு ஏறுவதாக இருந்தால் உள்ளே மெல்லிய தேர்மல் காலுடுப்பு ஒன்று போடச் சொல்லுங்கள்.

—

தையல்காரி எழுதியது:

மலைச்சாரலின் தோய்க்கிற முறைக்கு ஒன்று சேர்க்கிறேன். மெஷினில் போட்டால் வேகமான ஸ்பின் வேண்டாம். துணிக்குள்ளால் தண்ணீர் வெளியேற முடியாது, ஜக்கெட் பை மாதிரி நிரம்பி ஒரு பக்கம் பாரமாகி டிரம்மை அடிக்கும், டேப்பும் கிழியும். கையால் தோய்த்து, பிழியாமல், தடித்த ஹங்கரில் தொங்கவிட்டு வடிய விடுங்கள். பயணத்தால் வந்த அன்றே இதைச் செய்ய வேணும், காரின் டிக்கியில் ஈரத்தோடு ஒரு கிழமை கிடந்தால் பூஞ்சணம் பிடிக்கும். பிறகு மடிக்காமல், அதோடு வருகிற சின்னப் பைக்குள்ளும் திணிக்காமல், சுவரை ஒட்டாத அலுமாரியில் தொங்கவிட்டு, சப்பாத்துப் பெட்டியில் வருகிற சிலிக்கா ஜெல் பொட்டலம் நாலைந்தை ஜக்கெட்டின் பைகளுக்குள் போட்டு வையுங்கள். மாதம் ஒருமுறை வெளியே எடுத்து மின்விசிறிக்குக் கீழே ஒரு மணி நேரம் விட்டால் போதும்.